பூட்டிய ஸ்டுடியோவும் என் முட்டிக்குத் தேய்த்த தைலமும்

2025 ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் நாலரை மணிக்கு, வழக்கம்போல யோகா மேட்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் ஜிம்மின் ஸ்டுடியோ கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. ரிசப்ஷனில் இருந்த தம்பி எழுந்து வந்து, "இனிமே கிளாஸ் நேரத்துல மட்டும்தான் மேடம். மத்த நேரம் பூட்டியே வைக்கச் சொல்லிட்டாங்க" என்றார். உள்ளே யாரும் இல்லை. ஆறு மணி ஜும்பா கிளாஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தை நம்பித்தான் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டியிருந்தேன்.

ஸ்டுடியோ என்று நான் சொல்வது ஜிம்முக்குள்ளேயே தனியாக இருக்கும் பெரிய அறையை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மரத்தரை, மூலையில் ஸ்பீக்கர், அடுக்கி வைத்த மேட்டுகள். ஜும்பா, யோகா, ஏரோபிக்ஸ் எல்லாம் அங்கேதான் நடக்கும். எங்கள் ஜிம்மில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 8 வரையும் கிளாஸ். மீதி நேரமெல்லாம் அந்த அறை சும்மாதான் கிடக்கும்.

எனக்கு வயது 47. மதுரையில் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. இருபது வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்தியதாலோ என்னவோ, வலது முட்டியில் மெனிஸ்கஸ், அதாவது மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு, கிழிந்திருப்பதாக ஸ்கேனில் வந்தது. அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், தொடைத் தசையையும் இடுப்புத் தசையையும் பலப்படுத்துங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியாஸ்பத்திரியில் இயன்முறை மருத்துவர் ஒரு தாளில் படம் போட்டே கொடுத்தார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, காலை மடக்காமல் உயர்த்துவது, ஒருக்களித்துப் படுத்து மேல் முட்டியை மட்டும் விரிப்பது, குதிகாலைத் தரையோடு தரையாக வழுக்கி இழுத்து முட்டியை மடக்குவது, கடைசியில் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது. எல்லாம் சேர்ந்து 35 நிமிடம். வாரத்தில் நாலு நாள்.

இதற்கு எதற்கு ஜிம் என்று கேட்பவர்கள் பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டைப் பார்த்ததில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க இடமில்லை. ஹாலில் மாமியார், டிவி, டியூஷன் பிள்ளைகள். தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கலாம், ரேஸ்கோர்ஸில் நடக்கலாம், திருப்பரங்குன்றத்தில் மலையைச் சுற்றி வரலாம். நடப்பது நல்லதுதான். ஆனால் என் முட்டிக்கு நடை மட்டும் போதாது, படுத்துச் செய்கிற பயிற்சிதான் முக்கியம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். பூங்கா சிமெண்டுத் தரையில் மேட்டை விரித்துப் படுத்து ஒரு ஆசிரியை இடுப்பைத் தூக்கிக்கொண்டிருக்க முடியுமா? எங்கள் ஊரில் முடியாது. நாலு மாணவர்களின் பெற்றோராவது அந்த வழியாகப் போவார்கள்.

ஜிம்மின் பெரிய ஹாலிலும் அதே சிக்கல்தான், இன்னும் கூடுதலாக. தரையில் படுத்துச் செய்ய அங்கே ஆறடிக்கு எட்டடி இடம் உண்டு. அதற்கு இந்தப் பக்கம் டம்பெல் ரேக், அந்தப் பக்கம் பென்ச். நான் மல்லாந்து படுத்தால் தலைமாட்டில் ஒரு பையன் இரண்டு கையிலும் எடையோடு நிற்பான். அவன் தப்பான பையன் இல்லை, அவன் பாட்டுக்கு அவன் வேலையைப் பார்க்கிறான். ஆனாலும் நான்கு ஆண்கள் நிற்கும் இடத்தில் தரையில் படுத்துக் காலை விரித்து மடக்க எத்தனை பெண்களால் முடியும்? லேடீஸ் டைமிங் என்று 10 மணியிலிருந்து 4 மணி வரை வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் அந்த நேரத்தில் வேலையில்தான் இருப்பார்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். கிளாஸ் இல்லாத நேரத்தில் ஸ்டுடியோவைத் திறப்பதா பூட்டுவதா என்பது நிர்வாகத்துக்கு ஒரு சாவி விஷயம். என்னைப் போன்றவர்களுக்கு ஜிம்முக்குப் போவதா நிறுத்துவதா என்பதே அதில்தான் இருக்கிறது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் சேர்ந்தேன். சுற்றிக் காட்டிய பெண், ஸ்டுடியோவைத் திறந்து விளக்கைப் போட்டு, "கிளாஸ் இல்லாதப்ப தாராளமா யூஸ் பண்ணிக்கலாம் மேடம்" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே மாதக் கட்டணத்தை விட்டுவிட்டு வருடக் கட்டணம் 12,000 ரூபாயும் அப்போதைய 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 14,160 ரூபாய் கட்டினேன். கொடுத்த தாளில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தினமும் கேள்வித்தாளை இரண்டு முறை படித்துவிட்டு எழுது என்று சொல்கிறவள் நான்.

பூட்டியிருந்த அன்று ரிசப்ஷன் தம்பியிடம் சத்தம் போட்டேன். அவர் சம்பளத்துக்கு நிற்பவர், விதியை எழுதியவர் இல்லை. அது எனக்குத் தெரிந்தும் பேசினேன். மறுநாள் மேனேஜரைப் பார்த்தபோது அவர் நான் கையெழுத்துப் போட்ட தாளையே எடுத்து நீட்டினார். ஒன்பதாவது வரியில், வகுப்பு அறைகளைப் பயன்படுத்தும் நேரத்தை நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று இருந்தது. "வாயால சொன்னதுக்கு நான் என்ன மேடம் பண்றது? அந்தப் பொண்ணு வேலையை விட்டுப் போயிருச்சு" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதே தாளின் பன்னிரண்டாவது வரியைக் காட்டினார்.

பத்து நாள் போகவில்லை. முட்டி மறுபடி வீங்கியது.

திரும்பப் போன அன்றுதான், அங்கே துடைத்துப் பெருக்கும் அக்கா படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "டீச்சரு, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஜும்பால ஒரு பொண்ணு வழுக்கி விழுந்துச்சுல்ல, அது நீங்க இருந்துட்டுப் போன எடத்துலதான்" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே விளக்கினார். பயிற்சிக்கு முன்னால் முட்டிக்குக் கற்பூராதி தைலம் தேய்த்துச் சூடு பறக்க வைப்பது என் வழக்கம். கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் வாங்குவது. குதிகாலை வழுக்கி இழுக்கும் பயிற்சியை மட்டும் மேட்டுக்கு வெளியே, வெறும் மரத்தரையில் செய்வேன், அங்கேதான் குதிகால் தடையில்லாமல் நழுவும். முட்டியிலிருந்து வழிந்த தைலமும் கையில் ஒட்டியிருந்த தைலமும் தரையில் ஒரு படலமாகப் படிந்திருக்கிறது. ஒற்றைக்காலில் நிற்கும்போது கண்ணாடியைத் தொட்டுக்கொள்வேன், அங்கே என் ஐந்து விரலும் அச்சாக இருந்திருக்கிறது. அக்கா தினமும் ஐந்தரை மணிக்கு வெறும் துணி மாப்பால் ஒரு இழுப்பு இழுப்பார். எண்ணெய் அதற்குப் போகுமா? சோப்புத் தண்ணீரில் துடைத்து, மறுபடி நல்ல தண்ணீரில் துடைத்து, ஃபேன் போட்டுக் காயவிட வேண்டும். மரத்தரையில் தண்ணீரைக் கொட்டிக் கழுவவும் கூடாது, பலகை உப்பிக்கொள்ளும். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் அவர் லீவு. அன்றைக்குத்தான் அந்தப் பெண் வேகமாகத் திரும்பும்போது விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டது.

அந்தப் பெண்ணைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், சிரித்துக்கொண்டே "பரவால்ல ஆன்ட்டி" என்றது. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மணிக்கட்டோடு போனது, இடுப்பு என்றால்?

அதன்பிறகு மேனேஜரிடம் உட்கார்ந்து நிதானமாகப் பேசினேன். சண்டைக்குப் போகாமல், பூட்டியதற்கு வேறு என்னென்ன காரணம் என்று கேட்டேன். அவரும் மனதில் இருந்ததைக் கொட்டினார். என் தைலம் நாலில் ஒன்றுதான். இரண்டு பையன்கள் ரீல்ஸ் எடுக்க வெளியே இருந்து கெட்டில்பெல் என்ற கைப்பிடி வைத்த இரும்பு எடையைத் தூக்கி வந்து தரையில் போட்டதில் பலகை ஒன்று பிளந்திருந்தது. இரும்பு எடை விழுவதற்கென்றே பெரிய ஹாலில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார்கள், ஸ்டுடியோ மரத்தரை அதற்கானது இல்லை. இன்னொருவர் சிலம்பம் பழகுபவர், நல்ல கைக்காரர். நெற்றி உயரக் கம்பைத் தலைக்கு மேல் சுழற்றியதில் டியூப்லைட் உடைந்து, கண்ணாடித் தூள் யோகா மேட்டுகளுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு மேட்டாக உதறிப் பார்த்தும் மனசு ஆறாமல் மொத்தத்தையும் தூக்கிப் போட்டார்களாம். நாலாவது, வெளியாள் ஒருவர் மெம்பராகச் சேர்ந்துகொண்டு, அந்தக் காலி அறையிலேயே மூன்று பேருக்குத் தனியாகப் பணம் வாங்கிப் பயிற்சி கொடுத்திருக்கிறார். இவை போக ஏசி. அங்கே இரண்டு டன் ஏசி இரண்டு. ஒருவர் உள்ளே போனாலும் இரண்டையும் போட்டுவிடுகிறார்கள், அணைப்பதும் இல்லை. ஒரு மணி நேரம் முழுதாக ஓடினால் இரண்டும் சேர்ந்து நாலு யூனிட்டுக்கு மேல் இழுக்கும், அதுவும் வணிக மின் கட்டணத்தில்.

இத்தனையையும் கேட்டபிறகு கதவைப் பூட்டியது அநியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் பூட்டியது அநியாயம். சேரும்போது ஒரு பேச்சும் சேர்ந்தபின் ஒரு பேச்சும் இருந்தது அநியாயம். இந்த இரண்டில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வேறு ஜிம்முக்கு மாறலாமா என்று காளவாசல், எஸ்.எஸ். காலனி, கே.கே. நகர் பக்கம் ஐந்து இடத்தில் விசாரித்தேன். ஐந்தும் ஐந்து விதம். ஓரிடத்தில் ஸ்டுடியோ எப்போதும் பூட்டுதான், கிளாஸ் மாஸ்டரிடம் மட்டுமே சாவி. இன்னொரு இடத்தில் கிளாஸ் இல்லாத நேரமெல்லாம் திறந்தே கிடக்கிறது, உள்ளே போனால் பழைய ட்ரெட்மில் இரண்டையும் உடைந்த நாற்காலிகளையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் முன்கூட்டியே பெயர் எழுதினால் அரை மணி நேரம் தருகிறார்கள். ஓரிடத்தில் தனி ட்ரெயினருக்குப் பணம் கட்டினால்தான் ஸ்டுடியோ. கடைசி இடத்தில் ரிசப்ஷனில் ஒருவர் முடியும் என்றார், ட்ரெயினர் முடியாது என்றார், இருவரும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எந்த இடத்திலும் இந்த விதி எழுத்தில் இல்லை. கட்டணம் மட்டும் பெரிய எழுத்தில் சுவரில் இருந்தது.

அப்புறம் எங்கள் ஜிம்முக்கே ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். முதல் பத்தியில் தைலத்தைப் பற்றி நானே எழுதி, அது என் தவறு என்று ஒத்துக்கொண்டேன். இரண்டாவது பத்தியில், சேரும்போது எனக்கு என்ன சொல்லப்பட்டது, எந்தத் தேதி, எவ்வளவு பணம் கட்டினேன் என்று எழுதினேன். மூன்றாவதில் என்ன வேண்டும் என்பது: திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி நாலு நாள், மாலை 4.30 முதல் 5.20 வரை. ஐந்தரைக்கு அக்கா துடைக்க வேண்டும், அதற்குப் பத்து நிமிடம் முன்பே அறை காலியாகிவிடும். இடையில் சும்மா கிடக்கும் நேரத்தை மட்டும்தான் கேட்கிறேன் என்பது அதைப் படித்தவுடன் அவர்களுக்குப் புரிந்தது. எப்போது போனாலும் திறந்துவிடுங்கள் என்று கேட்டிருந்தால் கண்டிப்பாக மறுத்திருப்பார்கள்.

நான் ஏற்றுக்கொள்ளும் நிபந்தனைகளையும் நானே எழுதிக் கொடுத்தேன். ரிசப்ஷனில் நோட்டில் பெயரும் உள்ளே போன நேரமும் வந்த நேரமும் எழுதுவது. ஏசி வேண்டாம், ஃபேனும் ஒரு விளக்கும் போதும். தெருச் செருப்போ ஷூவோ உள்ளே கூடாது. சொந்த மேட், சொந்தத் துண்டு. எண்ணெய், தைலம், பவுடர் எதுவும் போட்டுக்கொண்டு வரக்கூடாது. இரும்பு எடை எதுவும் உள்ளே வராது, ரப்பர் பேண்டு மட்டும். ஸ்பீக்கரைத் தொடுவதில்லை. வீடியோ எடுப்பதில்லை. ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் வேண்டாம். குதிகால் பயிற்சிக்கு இப்போது ஒரு பழைய பருத்தித் துணியைக் குதிகாலுக்குக் கீழே போட்டுக்கொள்கிறேன், அதிலேயே நன்றாக நழுவுகிறது. தைலம் வீட்டுக்குப் போய் இரவில்தான்.

மூன்று வாரம் பதில் இல்லை. நானும் வாரம் ஒரு முறை போய், கடிதம் என்ன ஆச்சு சார் என்று கேட்டுவிட்டு மட்டும் வந்தேன். அதற்குள் இன்னும் ஐந்து பெண்கள் அதே கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் ஜும்பாவில் விழுந்த அந்தப் பெண். அக்டோபரில் ஒப்புக்கொண்டார்கள். நாலு நாள் கேட்டதற்கு மூன்று நாள் கிடைத்தது.

இனி புதிதாகச் சேரப் போகிறவர்களுக்கு. சுற்றிக் காட்டும்போது ஸ்டுடியோ பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வழக்கமாக வரப்போகும் அதே நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு முறை போய்ப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கிளாஸ் இல்லாதபோது பயன்படுத்தலாமா என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யாரிடம் சாவி, ஃபேன் விளக்கு போடலாமா, அந்த நேரத்தில் புதிதாகக் கிளாஸ் ஆரம்பித்தால் எங்களுக்கு என்ன வழி என்று கேளுங்கள். பதிலை அந்த இடத்திலேயே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள், ஜிம்மின் எண்ணிலிருந்து. எனக்குச் சொன்ன பெண் வேலையை விட்டுப் போனதும் அவர் சொன்னதும் கூடவே போய்விட்டது, எழுத்தில் இருந்திருந்தால் இருந்திருக்கும். வருடக் கட்டணத்தில் தள்ளுபடி அதிகம்தான், ஆனாலும் முதலில் ஒரு மாதமோ மூன்று மாதமோ கட்டிப் பார்ப்பதே நல்லது என்பது இப்போது என் எண்ணம்.

பில் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. என் கூட வேலை பார்க்கும் டீச்சர் அக்டோபரில் அதே 12,000 பேக்கேஜில் சேர்ந்தபோது 12,600 ரூபாய்தான் கட்டினார். பழைய கணக்கிலேயே பில் போட்டால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பேசித் தீராத நிலை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதற்கும் அடுத்தபடி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. போயிருந்தாலும் என் கையில் பில் தவிர வேறு ஆதாரம் இருந்திருக்காது.

ஜிம் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விதியைக் கதவில் ஒட்டுங்கள், காரணத்தையும் கூடவே எழுதுங்கள். மரத்தரையில் எண்ணெய் பட்டால் அடுத்து ஆடுகிறவர் விழுவார் என்று ஒரு வரி அங்கே இருந்திருந்தால் நான் முதல் நாளே தைலத்தை நிறுத்தியிருப்பேன். காரணம் சொல்லாத விதியைப் பார்த்தால் ஜனங்களுக்கு நம்மை வேண்டாம் என்கிறார்கள் என்றுதான் தோன்றும். விதியை மாற்றப் போகிறீர்கள் என்றால் பதினைந்து நாள் முன்னால் சொல்லுங்கள். துடைக்கும் நேரத்தை முடிவு செய்யும்போது துடைக்கிறவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கள் அட்டவணையில் 5.20 என்ற கணக்கு அந்த அக்கா சொன்னது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஸ்டுடியோ கதவின் கண்ணாடியில் ஆளுயரத்துக்கு விளம்பர ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். படுத்துப் பயிற்சி செய்யும்போது அந்த மறைப்பு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் நவம்பரில் ஒரு நாள் ஒற்றைக்காலில் நிற்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அன்று மதியம் சாப்பிடவில்லை. ஐந்து நிமிடம் எழ முடியவில்லை, போன் வெளியே லாக்கரில் இருந்தது, பெரிய ஹாலில் ஓடிய பாட்டுச் சத்தத்தில் கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்காது. அதிலிருந்து போனை மேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன், வீடியோ எடுக்கமாட்டேன் என்று சொல்லித்தான் அதற்கு அனுமதி வாங்கினேன். தனியாக இருக்கும் நாளில் ரிசப்ஷன் தம்பி கால் மணிக்கு ஒரு தரம் கதவைத் தட்டிக் கேட்கிறார். நான் அன்று சத்தம் போட்ட அதே தம்பிதான்.

ஸ்டிக்கரின் மேல் பாதியை மட்டும் உரித்துவிட்டு, உள்ளே தரையிலிருந்து கை எட்டும் உயரத்தில் ஒரு காலிங் பெல் வைக்கச் சொல்லி இரண்டாவது கடிதம் கொடுத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை போகும்போது மறுபடி கேட்க வேண்டும்.